மண்டபம் போகையில் கொதித்த அம்பாசிடர்: ஆயில் கசிவும் எஞ்சின் சூடும், ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1977-ல் பதிவான அம்பாசிடர் மார்க் 3. எஞ்சின் 1489 சிசி பெட்ரோல், நாலு சிலிண்டர். இங்கிலாந்தின் பி.எம்.சி. கார் நிறுவனம் வடிவமைத்த 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. இருப்பிடம் கீழக்கரை, கடலுக்குக் கூப்பிடு தூரம். வாரத்தில் நாலு நாள் ஊருக்குள் 2, 3 கிலோமீட்டர் ஓடும். மாதம் ஒருமுறை ராமநாதபுரம் வழியாக மண்டபம், ராமேசுவரம் வரை போய்வரும். கல்யாணங்களுக்கும் போகும்.

குறை இரண்டு. நிறுத்திய இடத்தில் விடிவதற்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆயில் தேங்குகிறது. 300 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அடுத்தது, நீண்ட ஓட்டத்தில் தண்ணீர் கொதித்து மூடி வழியாகச் சீறுகிறது. வெவ்வேறு பட்டறைகளில் ஏற்கெனவே செய்த வேலைகள்: ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான அடைப்பு) இரண்டு முறை மாற்றம், புது வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிந்தது, ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள் தூள் போட்டது, ஆயில் நிற்பதற்காக இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றியது. இத்தனைக்குப் பிறகும் இரண்டு குறையும் அப்படியே இருந்தன. கடைசியாகச் சொல்லப்பட்டது எஞ்சினை இறக்கி முழு ஓவர்ஹால்.

எஞ்சினை இறக்கத் தேவைப்படவில்லை. ஹெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஆயிலும் சூடும் தனித்தனி நோயாகப் பார்க்கப்பட்டதால்தான் ஒவ்வொரு வைத்தியமும் மற்றதை வளர்த்துவிட்டது. அது எப்படி நடந்தது, எதை அளந்து கண்டுபிடிக்கப்பட்டது, எந்த வரிசையில் சரிசெய்யப்பட்டது என்பதே இந்தப் பதிவு.

ஓட்டுநர் சொன்ன ஒரு வரி

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. எங்கே கொதிக்கிறது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, எந்த வேகத்தில், எந்தத் திசையில் போகையில்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்த வண்டியில் விடை அங்கேதான் தொடங்கியது.

"போறப்பதான்ண்ணே கொதிக்கும். உச்சிப்புளி தாண்டுனா முள்ளு ஏறிரும். திரும்பி வர்றப்ப ஒரு தொந்தரவும் கிடையாது. அதே வெயிலு, அதே ரோடு."

இது நடந்தது ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கும் காலம். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலை கிழக்கு நோக்கி ஓடுகிறது. கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசுவதால் போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்று பின்னாலிருந்து 30-ல் வந்தால் ரேடியேட்டர் முகத்தில் படுவது 20 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். திரும்பும்போது அதே கணக்கில் 80. ஆக, போகும் வழியில் ரேடியேட்டரைக் குளிரவைக்கும் பாரம் முழுக்க விசிறியின் தலையில் விழுகிறது. வரும் வழியில் விசிறி இல்லாவிட்டாலும் சமாளிக்கும்.

எதிர்காற்றில் கொதிக்காமல் பின்காற்றில் மட்டும் கொதிக்கும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறியை. ஹெட் கேஸ்கட் உடைந்த எஞ்சினுக்குக் காற்றின் திசை தெரியாது. அது இரண்டு வழியிலும் கொதிக்கும். இந்த ஒரு வரியை வைத்தே ஹெட்டைத் திறப்பது தள்ளிவைக்கப்பட்டது.

இன்னொன்றும் அவர் சொன்னார். இரவில் ஹெட்லைட் போட்டு ரேஸ் கொடுத்தால் டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு மங்கலாகச் சிவக்கிறதாம். இந்த எஞ்சினில் விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். பாரம் ஏறும்போது விளக்கு எட்டிப்பார்த்தால் பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கசிவு தொடங்கும் இடம்

அழுக்கேறிய எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண். காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுகிறது, ஈர்ப்பு கீழே இழுக்கிறது. எங்கே ஒழுகினாலும் கடைசியில் கிளட்ச் ஹவுசிங் அடியில்தான் சொட்டும். அதைப் பார்த்து "ரியர் மெயின் போச்சு", அதாவது எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் பின்முனைத் தடுப்பு போய்விட்டது, என்று சொல்லிவிடுவது நம் பட்டறைகளில் மிகப் பரவலான தவறு. கூலி அதிகம் பிடிக்கும் தவறும் அதுதான்.

எஞ்சின் ஆறிய பின் டிஸ்ட்ரிப்யூட்டரையும் கார்புரேட்டர் வாயையும் பிளாஸ்டிக் பை கட்டி மூடி, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பிளாக் முழுக்கத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய் ஈரம் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக்கூடாது. உலர்ந்த பிறகு இரும்பின் மேல் டால்கம் பவுடரை மெல்லிய துணியில் கட்டித் தட்டித் தூவ வேண்டும். முதலில் நின்ற இடத்தில் 20 நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது. பிறகு 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்ப்பது. நின்ற ஓட்டத்தில் ஆயில் நேர் கீழாக வழியும், அதனால் ஊற்று துல்லியமாகத் தெரியும். மிக மேலே, மிக முன்னே நனைந்திருப்பதே ஊற்று. மற்றதெல்லாம் வழி.

இந்த எஞ்சினில் இடதுபுறம், இன்டேக் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளுக்கு (பெட்ரோல் கலவை உள்ளே வரும், புகை வெளியேறும் குழாய்த் தொகுதிகள்) பின்னால், இரண்டு தகர டேப்பெட் கவர்கள் இருக்கின்றன. வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகளை மூடுபவை இவை. கார்க் கேஸ்கட், நடுவில் ஒரே போல்ட்டு. பின்பக்கக் கவரின் கீழ் விளிம்பில் வெள்ளைப் பவுடர் முதலில் மஞ்சளாகி, பிறகு கோடாகக் கரைந்து, பிளாக்கின் பக்கவாட்டில் இறங்கிக் கிளட்ச் ஹவுசிங்கின் விளிம்பைப் பிடித்து அடிக்குப் போனது. கண்ணாடியையும் டார்ச்சையும் மேனிஃபோல்டுக்கு அடியில் நீட்டினால்தான் இது தெரியும். நிமிர்ந்து நின்று பார்ப்பவருக்குக் கடைசிச் சொட்டு மட்டுமே தெரியும்.

அடுத்த கசிவு முன்னால், எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரில் கிராங்க் புல்லி நுழையும் இடத்தில். சொட்டு சிறியதுதான், ஆனால் இடம் மோசம். புல்லி சுற்றும்போது அந்த ஆயிலைச் சுற்றிலும் தெறிக்கவிடுகிறது. பக்கத்தில் ஓடும் பெல்ட் குடித்துவிடுகிறது. பெல்ட்டின் உள்பக்கம் விரலை வைத்து இழுத்தபோது கருப்புப் பளபளப்பு ஒட்டியது. பக்கவாட்டு முகங்கள் கண்ணாடிபோல மின்னின. எஞ்சின் நின்றிருக்கையில் விசிறி இலையை ஒரு கையால் தள்ளினாலே பெல்ட் புல்லியில் வழுக்கிச் சுற்றியது. ஆரோக்கியமான பெல்ட்டில் அது நடக்காது.

சூட்டையும் ஆயிலையும் கட்டிப்போட்ட முடிச்சு இதுதான். டைமிங் கவரில் புல்லியைச் சுற்றியிருக்கும் முன் சீல் ஒழுகி பெல்ட் வழுக்கியது. பெல்ட் வழுக்கியதால் விசிறியும் பம்பும் தளர்ந்து எஞ்சின் சூடேறியது. சூடேறச் சூடேறக் கார்க் கேஸ்கட்டுகள் காய்ந்து சுருங்கி இன்னும் ஒழுகின. ஆனால் இத்தனை இடத்தில் ஒரே நேரத்தில் ஒழுகுவதற்கு ஒரு பொதுக் காரணம் இருக்க வேண்டும்.

எஞ்சினுக்கு மூச்சுத் திணறல்

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு சம்புக்குள் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். இதில் வழி இரண்டு: முன் டேப்பெட் கவரிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாய், எஞ்சினின் உச்சி மூடியான ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸ். இரண்டும் அடைந்தால் வாயு சம்பில் அழுத்தமாகச் சேர்ந்து, ஆயிலைக் கிடைத்த இடுக்கெல்லாம் பிதுக்கித் தள்ளும்.

அளப்பது எளிது. சுமார் 1 மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் போகாமல் பொருத்த வேண்டும். எஞ்சின் சூடான பின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்து இரண்டு கால்களின் தண்ணீர் மட்ட வித்தியாசத்தைப் பார்ப்பது. மூச்சு சரியாக இருக்கும் எஞ்சினில் மட்டம் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். இங்கே 60 மில்லிமீட்டர் ஏறியது.

ராக்கர் கவர் ஹோஸைப் பார்த்தால், ஏர் கிளீனர் மாற்றிய யாரோ அதில் ஒரு போல்ட்டைச் சொருகி கிளிப் போட்டிருந்தார்கள். முன் டேப்பெட் கவரைக் கழற்றிப் பிரீதர் குழாயில் கம்பி விட்டால் கம்பி போகவில்லை. உள்ளே இருந்தது கெட்டித் தயிர் போல மஞ்சள் கலந்த சாம்பல் நிறக் குழம்பு. விரல்களுக்கிடையே தேய்த்தால் ஆயிலும் தண்ணீரும் பிரியாமல் வழுக்கும். இதே குழம்பு ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் ஒட்டியிருந்தது. அதைக் காட்டித்தான் முன்பு "தண்ணி ஆயில்ல கலக்குது, ஹெட் கேஸ்கட் போச்சு" என்று இரண்டு முறை ஹெட்டைத் திறந்திருக்கிறார்கள்.

மூடியில் இந்தக் குழம்பு இருப்பதால் மட்டும் தண்ணீர் கலக்கிறது என்று சொல்லக்கூடாது. இந்த வண்டியின் தெர்மோஸ்டாட் எடுத்து எறியப்பட்டது. ஊருக்குள் 2 கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவி சம்பிலும் கவர்களிலும் குளிர்ந்து படிந்து ஆயிலோடு கடைந்து குழம்பாகிறது. சூடு ஏறி 20 நிமிடமாவது ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். இந்த வண்டிக்கு மாதத்தில் ஒரு நாள்தான் அந்த வாய்ப்பு. சூட்டைக் குறைக்க என்று செய்த வேலை பிரீதரை அடைத்து, அழுத்தத்தை ஏற்றி, முன் சீலை ஒழுகவைத்து, பெல்ட்டை நனைத்து, கடைசியில் சூட்டையே கூட்டியது.

ஐயம் தீர மூன்று சோதனைகள் செய்யப்பட்டன. இரவு முழுதும் நின்ற வண்டியின் சம்ப் நட்டைக் காலையில் மெல்லத் தளர்த்தினால், தண்ணீர் இருந்தால் கனமானதால் அதுதான் முதலில் வரும். வரவில்லை, ஆயில்தான் வந்தது. இரண்டாவது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து முதல் ஒரு நிமிடம் மட்டும் பார்ப்பது. எரிந்த வாயு தண்ணீரில் கசிந்தால் குமிழி தொடர்ந்து வரும். பம்ப் சுற்றாததால் வேறு குமிழி குழப்பாது. இங்கே குமிழி இல்லை. மூன்றாவது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்கள் பிடிக்கும் அழுத்தம்: எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார்த்ததில் 112, 110, 108, 106 பி.எஸ்.ஐ. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்து படுத்திருந்தால் நடுவில் கேஸ்கட் உடைந்திருக்கும். இங்கே நாலும் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுப் பார்த்ததும் 8 முதல் 10 வரை கூடியது. வயதுக்கேற்ற ரிங் தேய்மானம், அவ்வளவுதான்.

தண்ணீர் போகும் பாதை

பெல்ட் வழுக்கல் பெரிய காரணம், ஆனால் முழுக் காரணமல்ல என்று சோதனை ஓட்டத்திலேயே தெரிந்தது. பெல்ட்டையும் புல்லிகளையும் துடைத்து இறுக்கிவிட்டு ஓட்டினாலும், கொதி வரவில்லை என்றாலும், சூடு காட்டும் மீட்டரின் முள் மேலேயே நின்றது.

முதலில் முள்ளை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் சென்சார் முனையும் எர்த் இணைப்பும் பச்சை பூத்து மீட்டர் தவறாகக் காட்டுவது இந்தக் கடற்கரையில் தினசரி நடப்பது. இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தெர்மோஸ்டாட் உறையில் அளந்து ஒப்பிடலாம். ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் பித்தளையிலும் அலுமினியத்திலும் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். முள் சரியாகவே சொன்னது.

மேல் ஹோஸ் 97 டிகிரி, கீழ் ஹோஸ் 62. இந்த 35 டிகிரி வித்தியாசத்தைப் பார்த்து "ரேடியேட்டர் நல்லாக் குளிரவைக்குது" என்று நினைத்துவிடக்கூடாது. தண்ணீர் தாராளமாக ஓடும் வண்டியில் வித்தியாசம் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். இவ்வளவு இறங்குகிறதென்றால் தண்ணீர் ரேடியேட்டரில் தேங்கித் தேங்கி வருகிறது. எஞ்சினுக்குத் தேவையான அளவு கிடைக்கவில்லை. ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்ததில் மேல் பாதியில் 90-க்கு மேல், கீழ் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு 50. அந்தக் குளிர்ந்த இடத்தில் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பிளாக்கில் முதல் சிலிண்டர் பக்கம் 92 டிகிரி, நாலாவது பக்கம் 114. அழுக்கு பெரும்பாலும் பின்சிலிண்டரைச் சுற்றித்தான் முதலில் படியும்.

ரேடியேட்டர் டேப்பைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. பிளாக்கின் பின்புறப் பக்கவாட்டில் உள்ள டேப்பைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. டேப்பை முழுதாகக் கழற்றிக் கம்பியால் குத்தினால், செங்கல் பொடி நிறத்தில் களி வழிந்தது. நடுநடுவே மஞ்சள் கட்டிகள், அவை ரேடியேட்டரில் போட்ட மஞ்சள் தூள். பிளாக்கிலிருந்து வாரியது ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய இருந்தது.

காரணம் ஊற்றிய தண்ணீர். கார் நிற்கும் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். பேனா (கரைந்த உப்புகளை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டுவது) 2900 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகச் சொல்லும் அளவு 500, வேறு வழியில்லாவிட்டால் 2000. கடலோர நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியத்தோடு குளோரைடும் சேர்ந்திருக்கிறது. முதல் இரண்டும் சூடான இரும்பில் சுண்ணாம்புப் பொருக்காகப் படிகின்றன. குளோரைடு இரும்பை அரித்துத் துருவாக்குகிறது. கொதிக்கும் ஒவ்வொரு முறையும் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், அதன் உப்பு உள்ளேயே நிற்கிறது. மறுபடி அதே தண்ணீரை ஊற்றினால் உப்பு இன்னும் கூடுகிறது. வீட்டுச் சமையலறைப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். எஞ்சினுக்குள் நடப்பதும் அதேதான்.

இன்னும் சில சின்னக் குறைகளும் சேர்ந்து கிடந்தன. 7 பவுண்டு என்று பொறித்த ரேடியேட்டர் மூடி 3 பவுண்டிலேயே திறந்தது, ரப்பர் மரத்துப்போயிருந்தது. ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் கொதிநிலையை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் உயர்த்தும் என்பதால், இந்த மூடியால் மட்டும் சுமார் 6 டிகிரி கையிருப்பு போயிருந்தது. பிளக்குகளுக்குப் பொறி பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரில் காண்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.010 அங்குலத்துக்குச் சுருங்கியிருந்தது. இருக்க வேண்டியது 0.014 முதல் 0.016. பாயின்ட்டின் குதி தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கும். பின்தங்கிய டைமிங்கில் எரிதல் நீண்டு, சூடு ஹெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகும்.

சரிசெய்த வரிசை

வரிசை முக்கியம். ரேடியேட்டரை முதலில் சுத்தம் செய்து மாட்டினால் பிளாக்கில் கிடக்கும் களி ஒரே வாரத்தில் அதை மறுபடி அடைத்துவிடும். பிரீதரைத் திறக்காமல் சீல்களை மாற்றினால் புது சீலும் ஒழுகும். ஆகவே பிரீதர், பிளாக், ரேடியேட்டர், சீல்கள், பெல்ட், டைமிங் என்று போனது வேலை.

பிரீதர் குழாயை மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் துடைத்தாயிற்று. ராக்கர் ஹோஸிலிருந்த போல்ட்டை எடுத்துவிட்டு, ஏர் கிளீனரில் அதற்குரிய குழல் வைத்து இணைத்தாயிற்று. இதற்குப் பிறகு 'யு' குழாயில் மட்டம் 60-லிருந்து 5 மில்லிமீட்டருக்கு இறங்கியது. வேறு எந்த சீலையும் தொடாத நிலையிலேயே கிளட்ச் ஹவுசிங் சொட்டு பாதிக்கு மேல் குறைந்தது.

பிளாக்குக்கு: பின்பக்க வெல்ச் பிளக்கை (பிளாக்கின் துளையை அடைக்கும் தகடு) கழற்றி, கையால் வார முடிந்த களியை வாரி, தண்ணீர்க் குழாயை எதிர்த்திசையில், அதாவது மேலிருந்து கீழாக, விட்டுத் தெளிவாக வரும்வரை அலசுவது. பிறகு புது பிளக் அடித்து, பழைய ரேடியேட்டரைத் தற்காலிகமாக மாட்டி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, 70, 80 டிகிரியில் அரைமணி நேரம் ஓட்டி, சற்று ஆறியதும் வடித்தது. கரைசல் காப்பி நிறத்தில் வந்தது. இரண்டாம் முறை வெளிர்ந்தது. கடைசியாக லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்து ஓட்டி அமிலத்தை முறித்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசல். அமிலத்தை இரவு முழுதும் விட்டுவைக்கக்கூடாது; ஈயப்பற்றையும் இரும்பையும் தின்னும். கழிப்பறை ஆசிட்டை எந்தக் காரணம் கொண்டும் ஊற்றக்கூடாது.

ரேடியேட்டரை இறக்கி மேல் தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகத் தகடு விட்டுத் துடைத்து, திரும்ப ஈயம் வைத்து மூடியது தனி வேலைக்காரர். முன்முகத் தகடுகளில் மணலும் உப்பும் பூச்சியும் அப்பிக் கிடந்தன. அதை எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவ வேண்டும். வேகத் தண்ணீர் பட்டால் தகடு மடங்கிவிடும். மாட்டும்போது மேல் ஹோஸுக்குள், ரேடியேட்டர் வாயில், ஒரு துண்டு நைலான் காலுறையைக் கிளிப்பில் கவ்வவைத்தார்கள். பிளாக்கில் மிஞ்சிய துகள் அதில் மாட்டும். முதல் 100 கிலோமீட்டரில் ஒரு தேக்கரண்டித் துரு பிடித்தது, அடுத்த 200-ல் சிட்டிகைதான். பிறகு எடுத்துவிட்டாயிற்று. எடுக்க மறந்தால் அதுவே அடைப்பாகும்.

டேப்பெட் கவருக்கு மேனிஃபோல்டைக் கழற்றியே ஆக வேண்டும். கவரைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் போல்ட்டுத் துளையைச் சுற்றிக் குழிந்து விளிம்பு தூக்கியிருந்தது. ஒழுகும்போதெல்லாம் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். இறுக்க இறுக்க விளிம்பு விலகி இன்னும் ஒழுகும். மரக்கட்டை மேல் வைத்து லேசாகத் தட்டிச் சமன் செய்து, புதுக் கார்க்கைக் கவர் பக்கம் மட்டும் பசை வைத்து ஒட்டி, பிளாக் பக்கம் உலர்வாக விட்டு, விரலால் இறுகிய பின் ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். போல்ட்டின் கீழுள்ள வாஷரும் புதிதாக இருக்க வேண்டும், அதன் வழியாகவும் ஒழுகும்.

முன் சீலில் பலர் தவறுவது மையம் பிடிப்பதில். புது சீல் போட்டு டைமிங் கவரை நேராக இறுக்கிவிட்டால், கவர் ஒரு நூலளவு விலகியிருந்தாலும் சீல் ஒரு பக்கம் தேய்ந்து சீக்கிரம் ஒழுகும். கவர் ஸ்குருக்களைத் தளர்வாக வைத்து, சீல் விளிம்பில் ஆயில் தடவி, புல்லியை கிராங்கில் ஏற்றி, புல்லியே கவரை மையத்துக்கு இழுக்கவிட்டு, அதன் பிறகு ஸ்குருக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இறுக்க வேண்டும். கவருக்குள் கிராங்கில் இருக்கும் ஆயில் தெறிக்கும் தட்டில் 'எஃப்' என்ற முத்திரை இருந்தால் அந்த முகம் முன்னால் வர வேண்டும். புல்லியின் சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது; இங்கே பள்ளம் இல்லை.

ரியர் மெயினைத் தொடவில்லை. இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம் சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் அமைப்புதான். எஞ்சின் நின்றதும் அதற்கு வேலை இல்லை, ஓரிரு சொட்டு வரும். சம்ப் அழுத்தம் ஏறினால் பள்ளம் தோற்றுவிடும். இதை முழுக்க உலரவைக்க எஞ்சினை இறக்குவது பணத்தைக் கரியாக்குவது. கிளட்ச் ஹவுசிங் அடியிலுள்ள வடிதுளையை மட்டும் கம்பி விட்டுத் திறந்துவைக்க வேண்டும். அடைந்தால் ஆயில் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். டேப்பெட் சத்தத்துக்காக ராக்கர் ஷாஃப்டைக் கழற்ற நினைப்பவர்கள், அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை என்பதை மறக்கக்கூடாது. தண்ணீரை வடிக்காமல், மற்ற ஹெட் நட்டுகளைச் சமமாகத் தளர்த்தாமல், அந்த நாலை மட்டும் கழற்றினால் ஹெட் கோணி, தண்ணீர் சிலிண்டருக்கும் சம்புக்கும் இறங்கும். அப்படித்தான் நல்ல ஹெட் கேஸ்கட்டுகள் பல வீணாகின்றன.

பெல்ட் புதிது, புல்லிப் பள்ளங்களைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும்படி இறுக்கம். பாயின்ட் 0.015, டைமிங் கையேட்டின்படி. 82 டிகிரி தெர்மோஸ்டாட் திரும்ப உட்கார்ந்தது. பாத்திரத்தில் தண்ணீரோடு சூடேற்றி வெப்பமானி வைத்து, சொன்ன இடத்தில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டப்பட்டது. "வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்பார்கள். அது திறந்த பிறகு சூட்டை ஏற்றுவதில்லை. திறக்கும் வரைதான் அதன் வேலை. மூடி 7 பவுண்டுதான். கடையில் புதுக் காருக்குரிய 13, 15 பவுண்டு மூடி கிடைக்கும். பழைய ஈயப்பற்று ரேடியேட்டர் அதைத் தாங்காது.

தண்ணீர்: ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு பங்கு, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதென்று டப்பாவில் போட்ட பச்சை கூலன்ட் ஒரு பங்கு. இங்கே உறைபனி இல்லை, கூலன்ட் வேண்டியது அரிப்புத் தடுப்புக்காக. வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் இரும்பைத் துருவேற்றும். வேலைக்கு முன் இந்த வண்டியிலிருந்து வடிந்தது 5.8 லிட்டர், வேலைக்குப் பின் குடித்தது 7.4. இடையிலிருந்த 1.6 லிட்டர் இடத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தவை களியும் பொருக்கும்தான். ஆயில் பழையபடி 20டபிள்யூ-50, டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே.

ஓட்டிப் பார்த்தது

அதே கச்சான் காலத்தில், அதே சாலையில், பகல் 1 மணிக்கு மூன்று ஓட்டம். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை 50 கிலோமீட்டர் வேகத்தில் மேல் ஹோஸ் 86 முதல் 89 டிகிரி, கீழ் ஹோஸ் 78 முதல் 80. பாம்பன் பாலத்தின் மேல் வரிசையில் பத்து நிமிடம் ஊர்ந்தபோது 93 வரை ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கியது. நாலாவது சிலிண்டர் பக்கம் 97. அட்டையை விரித்து இரவு நிறுத்தியதில் காலையில் ரூபாய்க்காசு அளவில் எட்டுச் சொட்டுகள், எல்லாம் கிளட்ச் ஹவுசிங்குக்கு நேர் கீழே. 600 கிலோமீட்டரில் சேர்க்க வேண்டி வந்த ஆயில் 150 மில்லி.

வைத்திருப்பவருக்குக் கொடுத்த குறிப்பில் இருந்தவை: வாரம் ஒருமுறையாவது 30 நிமிடம் நிற்காமல் ஓட்டுவது, தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போய்வந்த அன்றே ரேடியேட்டர் முகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது, 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரீதர் குழாயில் ஊதிப் பார்ப்பது, கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது, வழியில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற 5 லிட்டர் கலவையை டிக்கியில் வைத்துக்கொள்வது. இடையில் ஒருநாள் வேறு வழியின்றி ஊரணித் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்ற நேர்ந்தால், வீடு வந்ததும் முழுக்க வடித்து அலசி மறுபடி நிரப்ப வேண்டும், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கக்கூடாது.